கப்பலில் போன ஓவியர்கள் கண்டதைத்தான் வரைந்தார்களா?

நீங்கள் கேட்டிருப்பது இது. மகளின் பள்ளிச் செயல்திட்டத்துக்காக கேப்டன் ஜேம்ஸ் குக்கின் கடற்பயணப் படங்களைத் தேடியிருக்கிறீர்கள். தென் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள தியர்ரா டெல் ஃபுவேகோவில் ஒரு குடிசை, அதற்குள் மக்கள். அந்த ஒரே காட்சிக்கு இரண்டு படங்கள் கிடைத்தன. ஒன்றில் நெருப்பைச் சுற்றிச் சிலர் குறுகி உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னொன்றில் அதே மக்கள் கிரேக்கச் சிலைகளைப் போல அழகாகச் சாய்ந்தும் நின்றும் இருக்கிறார்கள். இதில் எது உண்மை, கேமரா இல்லாத காலத்தில் கப்பலில் போன ஓவியர்கள் கண்டதைத்தான் வரைந்தார்களா, எதை ஒட்டுவது என்று கேட்கிறீர்கள். அடியில் இருக்கும் கேள்வி, இந்தப் படங்களைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாமா என்பதுதான் என்று நினைக்கிறேன்.

சுருக்கமான பதில் முதலில். குறுகி உட்கார்ந்திருக்கும் படம்தான் நேரில் பார்த்தவர் வரைந்தது. மற்றது, அந்தத் தீவுக்கே போகாத இரண்டு பேர் லண்டனில் உட்கார்ந்து செய்தது. ஆனால் இதோடு விட்டால், "ஸ்கெட்ச் உண்மை, அச்சுப்படம் பொய்" என்ற தவறான எண்ணம் வந்துவிடும். விஷயம் அவ்வளவு நேராக இல்லை. நான் அச்சோவியம் படித்தவன், செப்புத்தகட்டில் செதுக்கி அச்செடுப்பதைப் பல வருடங்களாகக் கற்றுக்கொடுத்து வருகிறேன். அதனால் ஒரு படம் காகிதத்திலிருந்து தகட்டுக்குப் போகும்போது என்ன ஆகிறது என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். தாவரவியலும் பசிபிக் தீவு மக்களின் மரபுகளும் என் துறை அல்ல. அந்த இடங்களில் பதிவாகி இருப்பதை மட்டும் சொல்கிறேன்.

அந்தக் குடிசையிலிருந்தே தொடங்கலாம். குக்கின் முதல் பயணம் 1768இல் எண்டெவர் கப்பலில் புறப்பட்டது. ஜோசப் பாங்க்ஸ் என்ற பணக்கார இளம் இயற்கையியலாளர் தன் சொந்தச் செலவில் ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு அதில் ஏறினார். அதில் இரண்டு ஓவியர்கள். செடிகொடிகளையும் உயிரினங்களையும் வரைய எடின்பரோவைச் சேர்ந்த சிட்னி பார்க்கின்சன். மனிதர்களையும் நிலக்காட்சிகளையும் வரைய அலெக்சாண்டர் பக்கன். 1769 ஜனவரியில் கப்பல் தியர்ரா டெல் ஃபுவேகோவை அடைந்தது. அங்கே அது கோடைக்காலம். அப்படியிருந்தும் மலையேறிப் போன பாங்க்ஸின் குழு பனியில் மாட்டிக்கொண்டது, அவருடைய பணியாளர்கள் இரண்டு பேர் குளிரில் இறந்தார்கள். வலிப்பு நோய் இருந்த பக்கனுக்கு அந்தப் பயணத்தின்போதே வலிப்பு வந்தது. அதே நாட்களில் அவர் வரைந்ததுதான் நீங்கள் பார்த்த முதல் படம். கிளைகளை வளைத்துக் கட்டிய சின்னக் குடிசை, தோலைப் போர்த்திய மக்கள், நடுவில் நெருப்பு. அழகான படம் என்று சொல்ல மாட்டேன். உடல்களின் அளவு சரியாக வரவில்லை, முகங்கள் விறைப்பாக இருக்கின்றன. ஆனால் குளிரில் மனிதர்கள் எப்படி உட்காருவார்கள் என்பது அதில் இருக்கிறது.

மூன்று மாதம் கழித்து, தாஹிட்டி தீவில் இறங்கிய நான்காம் நாள், 1769 ஏப்ரல் 17 அன்று பக்கன் இறந்துபோனார். பாங்க்ஸ் தன் நாட்குறிப்பில், அங்கே காணப்போகும் காட்சிகளைக் காட்டி ஊரில் நண்பர்களை மகிழ்விக்கலாம் என்ற கனவே போய்விட்டது என்று வருந்தி எழுதினார். பயணம் முடிந்ததும் அதிகாரபூர்வ நூலைத் தொகுக்கும் வேலை ஜான் ஹாக்ஸ்வொர்த் என்ற எழுத்தாளருக்குப் போனது. அவரும் கடலேறியவர் அல்ல. 1773இல் அந்த நூல் வந்தபோது, பக்கனின் குடிசையை சிப்ரியானி என்ற இத்தாலிய ஓவியர் மறுபடி வரைந்து, அதைப் பார்த்து பார்டொலோஸி என்ற இன்னொரு இத்தாலியர் தகட்டில் செதுக்கியிருந்தார். இரண்டு பேரும் அன்றைய லண்டனில் பெரிய பெயர் உள்ளவர்கள். அவர்கள் கையில் குடிசை அகலமானது, சுற்றிலும் மரங்களும் நிலக்காட்சியும் முளைத்தன, மனிதர்கள் ஒயிலாக அமர்ந்தார்கள், குளிர் போயே போய்விட்டது.

இது வேண்டுமென்றே செய்த ஏமாற்றா? சிலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். அன்றைய ஐரோப்பாவில், நாகரிகம் தீண்டாத மனிதன் நல்லவனாகவும் மகிழ்ச்சியானவனாகவும் இருப்பான் என்ற எண்ணம் செல்வாக்கோடு இருந்தது உண்மை. சிப்ரியானியின் மனதில் அது எவ்வளவு வேலை செய்தது என்பதை ஊகிக்கத்தான் முடியும். அதைவிட உறுதியான காரணம் ஒன்று என் தொழிலிலேயே இருக்கிறது. அந்தக் கால ஓவியப் பள்ளிகளில் மாணவன் முதலில் அச்சுப்படங்களைப் பார்த்து வரைவான், பிறகு கிரேக்க, ரோமானியச் சிலைகளின் பிளாஸ்டர் நகல்களைப் பார்த்து வரைவான், அதற்கு அப்புறம்தான் உயிருள்ள உடலைப் பார்த்து வரைய விடுவார்கள். தோளும் இடுப்பும் எப்படி இருக்கும் என்பதைக் கை சிலையிலிருந்தே கற்றுக்கொண்டது. செப்புத்தகட்டில் இது இன்னும் கூடிவிடும். அங்கே சாயம் பூச முடியாது, நிழலைக் கோடுகளால்தான் கொண்டுவர வேண்டும். கூர்முனை உளியைத் தள்ளிக்கொண்டு போகும்போது கோடு தசையின் வளைவைப் பின்பற்றி வளைய வேண்டும், அதன் மேல் குறுக்குக் கோடுகள் வர வேண்டும். எந்தத் தசைக்கு எப்படி வளைப்பது என்பதற்குப் பட்டறையில் வாய்ப்பாடு போல ஒரு பழக்கம் உண்டு. பக்கன் தெளிவில்லாமல் விட்ட ஒரு முதுகு கையில் வந்தால், செதுக்குபவர் தனக்குத் தெரிந்த முதுகைத்தான் செதுக்குவார். அவருக்குத் தெரிந்தது பளிங்கு முதுகு. இன்றும் மாணவர்களிடம் தெளிவில்லாத ஒரு புகைப்படத்தைக் கொடுத்துச் செதுக்கச் சொன்னால், தெரியாத இடத்தையெல்லாம் பழகிய வடிவத்தால்தான் நிரப்புகிறார்கள்.

சரி, கப்பலில் இருந்தவர்கள் எப்படி வேலை செய்தார்கள்? பார்க்கின்சனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. ஏனென்றால் இந்தப் படங்களை நம்பலாமா என்ற கேள்விக்கு மிகத் திடமான பதில் அவரிடம்தான் கிடைக்கிறது. கிட்டத்தட்ட நூறு பேர் அடைந்துகிடந்த கப்பலில், மற்றவர்களோடு பகிர்ந்துகொண்ட மேசையில், அலையில் ஆடியபடி வரைந்தவர் அவர். தாஹிட்டியில் ஈத்தொல்லை. காகிதத்தில் வண்ணத்தை வைக்க வைக்க ஈக்கள் அதைத் தின்றுவிடுகின்றன என்று பாங்க்ஸ் எழுதியிருக்கிறார். ஓவியர், நாற்காலி, மேசை எல்லாவற்றையும் மூடி ஒரு கொசுவலை போட்டார்கள், அதுவும் போதவில்லை. பக்கன் இறந்த பிறகு மனிதர்களையும் இடங்களையும் வரையும் வேலையும் பார்க்கின்சனின் தலையில் விழுந்தது. பாங்க்ஸின் செயலராக வந்த ஹெர்மன் ஸ்போரிங் என்ற ஃபின்லாந்துக்காரர் அதில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டார். 1769 அக்டோபரில் நியூசிலாந்தின் டோலகா விரிகுடாவில் அவர்கள் வரைந்த பாறை வளைவு இன்றும் அங்கே நிற்கிறது. போய் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

1770இல் ஆஸ்திரேலியக் கிழக்குக் கரையை அடைந்தபோது செடிகள் வந்து குவிந்த வேகத்துக்கு முழுப்படம் வரைய நேரமே இல்லை. அதனால் பார்க்கின்சன் ஒரு முறையைக் கைக்கொண்டார். செடியின் வடிவத்தைப் பென்சிலில் முழுதாகப் பிடித்துவிடுவது, ஒரு இலைக்கும் ஒரு பூவுக்கும் மட்டும் வண்ணம் வைப்பது, மீதி நிறங்களைக் காகிதத்தின் பின்பக்கத்தில் வார்த்தைகளில் குறித்துவைப்பது. 14 நாளில் 94 வரைபடங்கள் முடித்தார் என்று பாங்க்ஸ் குறித்திருக்கிறார். ஊருக்குப் போய்ச் சாவகாசமாக முடிக்கலாம் என்பது திட்டம். முடிக்க அவர் உயிரோடு இல்லை. டச்சுக்காரர்களின் படேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், கப்பலைப் பழுதுபார்க்க நின்றபோது காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் கப்பலைப் பிடித்துக்கொண்டன. அங்கிருந்து கிளம்பிய பிறகு, 1771 ஜனவரி கடைசியில், ஸ்போரிங்கும் பார்க்கின்சனும் ஓரிரு நாள் இடைவெளியில் நடுக்கடலில் இறந்தார்கள். பார்க்கின்சனுக்கு அப்போது இருபத்தைந்தை ஒட்டிய வயது. இந்தப் படங்களைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்த வயது நினைவுக்கு வருகிறது.

அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்து லண்டனில் பாங்க்ஸின் வீட்டில் ஐந்து ஓவியர்கள் பின்னாளில் படங்களை முடித்தார்கள். அவற்றிலிருந்து 743 செப்புத்தகடுகள் செதுக்கப்பட்டன. பாங்க்ஸ் உயிரோடு இருந்தவரை அவை நூலாக வரவே இல்லை. 1980களில்தான் அந்தப் பழைய தகடுகளிலிருந்தே முழுத் தொகுதியும் வண்ணத்தில் அச்சிடப்பட்டது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. உலர்த்தி எடுத்துவந்த செடி, பார்க்கின்சனின் அரைகுறை வரைபடம், லண்டனில் முடித்த நீர்வண்ணம், தகடு, அச்சு என்று எல்லாப் படிகளும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரிபார்க்க முடிகிறது. பாங்க்ஸின் பெயரையே தாங்கிய பாங்க்ஸியா செடியின் படம் ஐந்து கை மாறியும் தாவரவியலாளர்கள் இன்றும் அடையாளம் காணும்படியே இருக்கிறது. அச்சு என்றாலே கெட்டுவிடும் என்று நான் சொல்லாததற்குக் காரணம் இதுதான். செடி விஷயத்தில் செதுக்குபவரிடம் பளிங்குச் செடி எதுவும் மனதில் இல்லை. இலை நரம்பு இத்தனை என்றால் அத்தனைதான் செதுக்க வேண்டும், மேலே ஒரு தாவரவியலாளர் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருக்கிறார்.

இதே விஷயத்தை, குக்கின் பயணங்களுக்குப் பின்னால் இன்வெஸ்டிகேட்டர் என்ற கப்பலில் போன ஃபெர்டினாண்ட் பாவர் என்ற ஆஸ்திரிய ஓவியர் இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். 1801 முதல் 1803 வரை ஆஸ்திரேலியக் கரையைச் சுற்றியபோது, ஏறத்தாழ ஆயிரம் வரை போகும் எண்களால் நிறச்சாயல்களைக் குறித்துக்கொண்டார். ஒரு இதழின் மேல் பல எண்கள். வருடங்கள் கழித்து லண்டனில் அந்த எண்களைப் பார்த்தே வண்ணம் தீட்டினார். அந்தத் துல்லியம் இன்றும் வியக்க வைக்கிறது.

இதற்கு நேர்மாறான கதை கங்காரு. 1770 ஜூலையில் எண்டெவர் நதிக்கரையில், இன்று குக்டவுன் இருக்கும் இடத்தில், சுட்ட விலங்கைப் பார்த்து பார்க்கின்சன் பென்சிலில் சில கோடுகள் போட்டார். பாங்க்ஸ் ஊர் திரும்பியதும், குதிரை வரைவதில் இங்கிலாந்திலேயே முதலிடத்தில் இருந்த ஜார்ஜ் ஸ்டப்ஸிடம் கங்காருவை எண்ணெய் வண்ணத்தில் வரையச் சொன்னார். ஸ்டப்ஸ் உயிருள்ள கங்காருவைப் பார்த்ததில்லை. கொண்டுவந்த தோலுக்குள் காற்றடைத்துப் பருக்கவைத்து, அதைப் பார்த்து வரைந்தார் என்பதுதான் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட செய்தி. அந்த ஓவியத்தைப் பார்த்து எடுத்த அச்சு 1773 நூலில் வந்தது. பல பத்தாண்டுகள் ஐரோப்பியர்களின் மனதில் கங்காரு என்றால் அந்த உருவம்தான். கைதேர்ந்த ஓவியர், ஆனால் பார்க்காதவர். பக்கன் கைதேராதவர், ஆனால் பார்த்தவர். சாட்சி வேண்டுமென்றால் நான் பக்கனைத்தான் கூப்பிடுவேன்.

அப்படியானால் திறமையும் இருந்து நேரிலும் பார்த்த ஒருவர்? அதற்குத்தான் இரண்டாம் பயணத்தின் வில்லியம் ஹாட்ஜஸ். 1772இல் ரெசொல்யூஷன் கப்பலில் கடற்படைத் தலைமையகமே அவரை அனுப்பியது. எழுத்து விவரணையால் மட்டும் கிடைக்காத தெளிவைப் படங்களால் தர வேண்டும் என்பது அவருக்கு இட்ட ஆணை. 1773 ஜனவரியில் தென்கடல் பனிப்பாறைகளுக்கு நடுவே மாலுமிகள் குடிநீருக்காகப் பனிக்கட்டிகளை வெட்டிப் படகில் ஏற்றும் காட்சியை மைக்கரைசலில் வரைந்திருக்கிறார். அலங்காரம் கிடையாது, சாம்பல் நிறக் கடல், அதில் வெளிறிய மலை போல் பனி. என் கணிப்பில் மூன்று பயணங்களிலும் வந்த படங்களில் இவ்வளவு நேர்மையானது வேறில்லை. நான்கு மாதம் நிலமே காணாமல் கிடந்த பிறகு அவர்கள் நியூசிலாந்தின் டஸ்கி விரிகுடாவை அடைந்தார்கள். அங்கே மரங்கள் கப்பலைத் தொடும் அளவுக்குக் கரையோரம் நிறுத்தியிருந்ததை ஹாட்ஜஸ் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். பிற்காலத்தில் அந்த ஓவியத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, பச்சைக் காட்டின் அடியில் பனிப்பாறைகள் இருந்தன. பழைய படத்தின் மேலேயே புதிய படத்தைத் தீட்டியிருக்கிறார். அங்கே ஏது கடை, இருந்த துணியில்தான் வரைந்தாக வேண்டும்.

அதே ஹாட்ஜஸ் ஊர் திரும்பி, 1776இல், கடலில் நீர்த்தூண்கள் சுழன்றெழும் காட்சியைப் பெரிய ஓவியமாகத் தீட்டினார். 1773 மே 17 அன்று நியூசிலாந்தின் ஸ்டீவன்ஸ் முனைக்கு அருகே கப்பல் உண்மையிலேயே நீர்த்தூண்களுக்கு நடுவே சிக்கியது. பலர் அதை எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் ஓவியம் கரையிலிருந்து பார்ப்பதுபோல அமைந்திருக்கிறது. முன்னால் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் குடும்பம் ஒன்று, தூரத்தில் தத்தளிக்கும் கப்பல். ஹாட்ஜஸ் அந்நேரம் இருந்தது அந்தக் கப்பலுக்குள். அப்படியானால் நீர்த்தூண்களை நம்பலாம், பார்க்கும் கோணத்தை நம்பக் கூடாது. ஒரே படத்துக்குள் ஒரு பகுதி சாட்சி, இன்னொரு பகுதி மேடையமைப்பு.

அந்தப் பயணத்திலேயே இருந்த ஒருவர் இதைப் பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறார். புறப்படும்போது 17 வயதான கியோர்க் ஃபார்ஸ்டர், இயற்கை வரலாற்றுப் படங்கள் வரைய வந்தவர். டோங்கா தீவுகளில் ஒன்றில் குக் இறங்கும் காட்சி, ஹாட்ஜஸின் பெயரில் ஷெர்வின் என்பவர் செதுக்கி அச்சாக வந்தது. அதில் தென்கடலில் எங்குமே இல்லாத கிரேக்க முகங்கள் தெரிகின்றன, பெண்கள் தோளை மூடுவதே அரிதான தீவில் தலைமுதல் உடல்வரை மூடிய, நெகிழ்ந்து விழும் ஆடைகள் வந்துவிட்டன என்று 1777இல் தன் நூலில் எழுதினார். ஹாட்ஜஸ் நேரில் வரைந்தவற்றைத் தொலைத்துவிட்டுக் கற்பனையால் நிரப்பியிருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார். ஃபார்ஸ்டர் குடும்பத்துக்கும் கடற்படைத் தலைமையகத்துக்கும் அப்போது பெரிய தகராறு இருந்தது, ஆகவே கோபத்தின் பங்கைக் கழித்துத்தான் இதைப் படிக்க வேண்டும். தொலைத்துவிட்டார் என்பது அவருடைய ஊகம். ஆனால் ஆடையைப் பற்றியும் முகங்களைப் பற்றியும் சொன்னதை நாமே சரிபார்க்கலாம். 1774இல் தன்னா, நியூ கலெடோனியா போன்ற தீவுகளில் ஹாட்ஜஸ் சிவப்புச் சுண்ணக்கட்டியால் வரைந்த முகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனி மனிதர். அச்சில் வந்த கூட்டத்தில் அப்படி ஒருவரும் இல்லை.

நமக்கு நெருக்கமான ஒரு செய்தியும் உண்டு. இதே ஹாட்ஜஸ் 1780இல் சென்னைக்கு வந்து இறங்கினார். ஹைதர் அலியின் படையெடுப்பால் உள்நாட்டுக்குள் போக வழியில்லாமல், உடல்நலமும் கெட்டு, ஒரு வருடம் போல இங்கே இருந்துவிட்டு வடக்கே போய்விட்டார். பின்னாளில் எழுதிய பயண நூலில், சென்னையின் நீண்ட தூண் வரிசைகளையும் வெள்ளைக் கட்டடங்களையும் பார்த்தபோது அலெக்சாந்தர் காலத்துக் கிரேக்க நகரம் போல இருந்தது என்று சொல்கிறார். இவ்வளவு உலகத்தைச் சுற்றிய மனிதருக்கும் ஒரு புதிய ஊரைக் கண்டவுடன் கிரேக்கம்தான் நினைவுக்கு வந்திருக்கிறது. அதை ஏமாற்று என்று என்னால் சொல்ல முடியவில்லை. பழகிய கண் அப்படித்தான் பார்க்கிறது.

மூன்றாம் பயணத்தில் ஓவியராகப் போனவர் ஜான் வெபர். அவர் விட்டுச்சென்ற ஒரு சம்பவம் இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கத்தைக் காட்டுகிறது. 1778 ஏப்ரலில், இன்றைய கனடாவின் மேற்குக் கரையில் உள்ள நூட்கா சவுண்டில், ஒரு வீட்டுக்குள் பெரிய மரச்சிற்பங்களைப் பார்த்து வரைய உட்கார்ந்தார். கையில் கத்தியோடு ஒருவர் வந்து, சிற்பங்கள் தெரியாதபடி பாய்களை வைத்து மறைத்துவிட்டார். வெபர் தன் கோட்டிலிருந்து ஒரு பொத்தானைப் பிய்த்துக் கொடுத்தார், பாய் விலகியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி மறைத்தார், மறுபடி ஒரு பொத்தான். இப்படியே கோட்டில் பொத்தானே இல்லாமல் போன பிறகுதான் முழுதாக வரைய முடிந்தது. இதை வெபரே சொல்லியிருக்கிறார். அந்த வீட்டின் படத்தை இன்று இணையத்தில் யாரும் பார்க்கலாம், மிக நுணுக்கமான பதிவு. ஆனால் எதைக் காட்டுவது, என்ன விலைக்குக் காட்டுவது என்பதை முடிவுசெய்தவர் அந்த வீட்டு மனிதர். ஓவியர் பார்த்ததெல்லாம் அவருக்குப் பார்க்கக் கிடைத்தது மட்டுமே. பணமும் பொத்தானும் செல்லுபடியாகாத இடங்களில் எவ்வளவோ வரையப்படாமல் போயிருக்கும்.

வரையப்பட்ட பக்கத்திலிருந்தே ஒருவர் வரைந்தும் இருக்கிறார். ராயாத்தேயா தீவைச் சேர்ந்த பூசாரியும் கடலோடியுமான துப்பாயா 1769இல் எண்டெவரில் ஏறினார். அந்தக் கப்பலில் இருந்த ஓவியர்களோடு பழகி நீர்வண்ணத்தில் வரையத் தொடங்கினார். நியூசிலாந்தில் ஒரு மாவோரி மனிதரும் ஒரு ஆங்கிலேயரும் பண்டமாற்று செய்யும் அவருடைய படம் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அவர் கையில் சிங்கி இறால், இவர் கையில் வெள்ளைத் துணி, இரண்டு பேரும் விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். வெகுகாலம் இதை வரைந்தது யாரோ ஒரு ஐரோப்பியர் என்றே நினைத்திருந்தார்கள். பாங்க்ஸ் 1812இல் எழுதிய ஒரு கடிதம் 1997இல் கவனத்துக்கு வந்த பிறகுதான் துப்பாயாவின் பெயர் தெரிந்தது. அந்தக் கடிதத்தில் பாங்க்ஸ், படத்தில் இருப்பது தான்தான் என்றும், தன் கையில் ஆணி இருந்தது என்றும் எழுதுகிறார். படத்தில் இருப்பதோ துணி. நாற்பது வருட ஞாபகத்தைவிட அன்றே வரைந்த காகிதத்தை நான் நம்புவேன். துப்பாயாவும் 1770 இறுதியில் படேவியாவில் இறந்துபோனார்.

சந்தேகத்துக்கு மிக அதிக இடமுள்ள படம் குக்கின் மரணம். 1779 பிப்ரவரி 14 அன்று ஹவாயில் கெயலகேகுவா விரிகுடாவில் அவர் கொல்லப்பட்டார். இது உங்கள் தேடலில் கட்டாயம் வந்திருக்கும். வெபர் தீட்டிய படத்தில் குக் படகுகளை நோக்கிக் கை காட்டுகிறார், சுடாதீர்கள் என்று தடுப்பதுபோல. அந்தக் கணத்தில் வெபர் கரையில் குக்கின் அருகில் இருந்ததற்குச் சான்று இல்லை. கரையில் இருந்தவர்களின் எழுத்துகளை வைத்துப் பார்த்தால், குக் அதற்கு முன்பே சுட்டிருக்கிறார் என்பது உறுதி. கை காட்டியது சுடுவதை நிறுத்தச் சொல்லியா, படகை அருகே கொண்டுவரச் சொல்லியா என்பதில் பதிவுகள் ஒத்துப்போகவில்லை. ஜான் கிளீவ்லி என்ற ஓவியர் வரைந்ததாக 1780களின் இறுதியில் வெளியான அச்சிலும் குக் சமாதானம் செய்பவராகவே நிற்கிறார். 2004இல் கிளீவ்லியின் மூல நீர்வண்ணம் வெளிச்சத்துக்கு வந்தபோது, அதில் குக் துப்பாக்கியைத் தடியாகப் பிடித்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கிளீவ்லியும் அங்கே இல்லை, கப்பலில் தச்சராக இருந்த அவருடைய சகோதரர் வழியாகக் கிடைத்த செய்தி என்று சொல்லப்படுகிறது. ஆக மூலம் அச்சைவிட நடந்ததற்கு நெருக்கமாக இருக்கலாம், ஆனால் அதுவும் காதால் கேட்டது. செடிக்கு உலர்ந்த செடி சாட்சி, பாறைக்குப் பாறை சாட்சி. சில நிமிடங்களில் நடந்து முடிந்த கைகலப்புக்கு அப்படி ஒன்றும் கிடையாது. மரணக் காட்சிகளை அன்றைய ஓவியர்கள் தியாகக் காட்சியாக அமைத்தே பழகியவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் வேலைக்கு உதவுகிற சில விஷயங்கள். அச்சுப்படம் கிடைத்தால் முதலில் அதன் கீழ் விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். இடது மூலையில் பொதுவாக வரைந்தவர் பெயரும் வலது மூலையில் செதுக்கியவர் பெயரும் இருக்கும். இடது மூலையில் இருப்பவர் பயணத்தில் போனவரா என்று தேடினாலே பாதி வேலை முடிந்தது. அப்புறம், தகட்டில் செதுக்கியது அச்சில் இடவலம் மாறித்தான் விழும். கண்ணாடியில் பார்த்துச் செதுக்காவிட்டால் கரையின் வடிவமே திரும்பிவிடும், எல்லோரும் இடது கையில் ஈட்டி பிடித்திருப்பார்கள். அப்படிக் கண்டால் அந்த மக்கள் இடதுகைப் பழக்கமுள்ளவர்கள் என்று எழுதிவிடாதீர்கள். வண்ணத்திலும் கவனம் வேண்டும். இந்தப் பயண நூல்களின் அச்சுகள் கறுப்பு மையில் வந்தவை. இன்று இணையத்தில் விற்பனைக்கு வரும் வண்ணப் பிரதிகளில் பலவற்றுக்கு யாரோ பின்னாளில் கையால் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். அந்த ஆடை சிவப்பா நீலமா என்பதற்கு அவை எந்த ஆதாரமும் ஆகாது. மூல நீர்வண்ணங்களிலும் மஞ்சள் சீக்கிரம் மங்கும், அதனால் பச்சை நீலமாகத் தெரிவது உண்டு.

செயல்திட்டத்தில் இரண்டு குடிசைப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். முதலாவதின் கீழே "அலெக்சாண்டர் பக்கன், 1769, நேரில் பார்த்து வரைந்தது" என்றும், இரண்டாவதின் கீழே "சிப்ரியானி வரைய, பார்டொலோஸி செதுக்கியது, லண்டன், 1773" என்றும் எழுதட்டும். இரண்டுக்கும் நடுவே என்னென்ன மாறியது என்று அவளே எண்ணிப் பட்டியலிட்டால், ஆசிரியர் கேட்கும் எந்தக் கேள்விக்கும் அவளிடம் பதில் இருக்கும். அட்டையில் இடம் மிச்சமிருந்தால் துப்பாயாவின் சிங்கி இறால் படத்தையும் சேருங்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் பெயரோடு தேடினால் கிடைக்கும்.